நெஞ்செரிச்சலும் நார்ச்சத்தும்: குமரி மாவட்டச் சாப்பாட்டில் எங்கே தொடங்குவது

புளிச்ச ஏப்பம், நெஞ்சுக்குழியிலிருந்து தொண்டை வரை ஏறும் எரிச்சல், படுத்ததும் வாய்க்குள் பொங்கி வரும் கசப்புத் தண்ணீர். வாரத்தில் இரண்டு நாளோ அதற்கு மேலோ இது வந்தால் 'வாயுக் கோளாறு' என்று சொல்லித் தள்ளிப்போட வேண்டாம். இரைப்பை அமிலம் உணவுக்குழாய்க்குள் திரும்பி ஏறும் நோயாக இருக்கலாம்; மருத்துவச் சீட்டில் ஜி.இ.ஆர்.டி. என்று எழுதுவார்கள். மாத்திரையோடு "நார்ச்சத்து கூட்டிக்குங்க" என்று ஒரு வரியும் கிடைக்கும். அதைக் கேட்டு வந்தவர் அன்றைக்கு ராத்திரியே ஒரு கிண்ணம் கடலை அவித்துத் தின்றுவிட்டு விடிய விடிய நெஞ்சைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் உண்டு. எந்த நார், எவ்வளவு, எந்த வேளையில் என்று தெரியாமல் கூட்டினால் எரிச்சலும் கூடும்.

தொடங்கும் முன் பார்க்க வேண்டியவை

விழுங்கிய சோறு நெஞ்சில் அடைத்து நிற்பது, ரத்த வாந்தி, தார் போலக் கறுத்த மலம், காரணமில்லாமல் எடை இறங்குவது, ரத்தசோகை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் உணவை மாற்றிப் பார்த்துக்கொண்டு இருக்கக் கூடாது. எண்டோஸ்கோபி (வாய்வழியாகக் குழாய் விட்டு உள்ளே பார்க்கும் சோதனை) வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். 50 வயதுக்கு மேல் முதல்முறையாக எரிச்சல் தொடங்கியவர்களும் முதலில் டாக்டரைப் பார்ப்பதே சரி.

நெஞ்சில் பாறாங்கல்லை வைத்தது போன்ற அழுத்தம், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வியர்த்துக் கொட்டுவது, மூச்சு வாங்குவது என்றால் நேராக 108. மாரடைப்பைக் 'கேஸ்' என்று எண்ணி சோடா வாங்கிக் குடித்துக் காத்திருப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு வலி தெளிவாகத் தெரியாமலேயே மாரடைப்பு வரலாம்.

சர்க்கரை நோய் பல வருடமாக இருந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. இரைப்பையை இயக்கும் நரம்பு தளர்ந்து, சாப்பிட்டது கீழே இறங்கத் தாமதமாகும். நாலு வாய் உண்டதுமே வயிறு நிறைந்துவிடுகிறது, மதியம் உண்டது ராத்திரி வாந்தியில் அப்படியே வருகிறது என்றால் அதுவாக இருக்கலாம். இவர்களுக்கு நார் கூட்டினால் இரைப்பை இன்னும் மந்தமாகும். இந்தக் கட்டுரையில் உள்ள அளவுகள் அவர்களுக்கானவை அல்ல.

நார் செய்வது என்ன

உணவுக்குழாயின் அடியில், இரைப்பையின் வாசலில், ஒரு வளையத் தசை இருக்கிறது. விழுங்கும்போது திறந்து, பிறகு இறுகிக்கொள்ளும். இரைப்பை ஊதிப் பெருத்தால் இந்தத் தசை இடையிடையே தானாகத் தளரும். அந்த நேரத்தில் அமிலம் மேலே ஏறும். தொப்பை, இறுகக் கட்டிய முண்டு, பாவாடை நாடா, மலம் கழிக்க முக்குவது எல்லாம் வயிற்றைக் கீழிருந்து அழுத்தி அதை மேலே தள்ளும்.

நார் அமிலத்தை அணைக்காது. அது வேலை செய்வது சுற்று வழியில்: மலம் இளகுவதால் முக்கல் குறைகிறது, குறைந்த சாப்பாட்டிலேயே பசி அடங்குவதால் மறுசோறு வாங்குவது குறைந்து நாளடைவில் எடையும் இறங்குகிறது. வளையத் தசையின் இறுக்கமே கூடுவதாகவும் ஓர் ஆய்வில் தெரிந்தது. 2018இல் வெளியான அந்த ரஷ்ய ஆய்வில், நார் குறைவாகச் சாப்பிடும் நோயாளிகளுக்கு இசப்கோல் (ஒரு செடியின் விதை உமி) 5 கிராம் வீதம் நாளுக்கு மூன்று வேளை, 10 நாள் கொடுத்தார்கள். அமிலம் ஏறும் தடவைகள் குறைந்தன, எரிச்சலும் குறைந்தது. முடிவு நல்லதுதான், ஆனால் ஆய்வை முடித்தவர்கள் 30 பேர் மட்டுமே, ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத இன்னொரு குழுவும் இல்லை. முயன்று பார்க்கத் தகுந்தது என்ற அளவுக்கு இதை நம்பலாம். மாத்திரையைத் தூக்கிப்போட இது போதாது.

எதிர்ப்பக்கமும் உண்டு. சில நார்கள் பெருங்குடலில் சட்டென்று புளித்துக் காற்றாகும். அங்கே உண்டாகும் கொழுப்பு அமிலங்கள் இரைப்பை வாசல் தசையை அடிக்கடி தளரச் செய்கின்றன. வெங்காயம், பூண்டு, கொண்டைக்கடலை, பலாக்கொட்டை இந்த வகை. 'நார் சாப்பிட்டேன், எரிச்சல் கூடிவிட்டது' என்று சொல்பவர்களில் பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். இசப்கோலும் ஓட்ஸும் வழவழப்பான கூழாகும் வகை. இசப்கோல் மெதுவாகவே புளிக்கும், அதனால் காற்றும் குறைவு. கீரை, தவிடு, காய்த்தோல் கரையாத நார். மலத்துக்குப் பருமன் கொடுப்பவை.

முதல் வாரம்: ஒன்றையும் மாற்றாதீர்கள், எழுதுங்கள்

ஒரு பழைய நோட்டு போதும். ஒவ்வொரு நாளும் என்ன உண்டீர்கள், எத்தனை மணிக்கு, எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எரிச்சல் எப்போது வந்தது, மலம் போனதா என்று எழுதுங்கள். கறியின் பெயரோடு நிறுத்தாமல் கூட என்ன இருந்தது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். 'பழங்கஞ்சி' என்று மட்டும் எழுதினால் கஞ்சி குற்றவாளியாகிவிடும். கூட இருந்த காந்தாரி மிளகாய் அரைப்பும் உள்ளியும் (சின்ன வெங்காயம்) நாரத்தங்காய் ஊறுகாயும் தப்பித்துவிடும். மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி) கதையும் இதேதான். அவித்த கிழங்கு பெரும்பாலும் மாவுச்சத்து, தன்னளவில் சாது. காந்தாரி கடித்த காரமும், மாங்காய் போட்ட சாளைக் கறியும், கிழங்கு தீரும்வரை தின்கிற பழக்கமும் சேர்ந்துதான் நெஞ்சில் ஏறுகின்றன.

ஏழு நாள் எழுதினால் ஓர் ஒழுங்கு தெரியும். பெரும்பாலும் ராத்திரிச் சாப்பாடுதான் மாட்டும்: ஒன்பதரைக்குப் பரோட்டாவும் பீஃப் ரோஸ்டும், பத்தரைக்குப் படுக்கை. அப்படியானால் நாரைத் தொடும் முன் நேரத்தை மாற்றுங்கள். கடைசிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையில் 3 மணி நேரம் வேண்டும். ராத்திரி கடலுக்குப் போய்க் காலையில் வந்து தூங்குபவர்களுக்கும் கணக்கு இதுதான். கடிகாரம் என்ன காட்டினாலும் படுக்கும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்.

இரண்டாம் வாரம் முதல்: வாரத்துக்கு 5 கிராம்

பெரியவர்களுக்கு நாளுக்கு 25 முதல் 30 கிராம் நார் என்று இலக்கு வைத்துக்கொள்ளலாம். மூன்று வேளையும் வெள்ளை அரிசி, மைதா என்று போகிறவருக்கு அதில் பாதி கிடைப்பதே அரிது. ஒரே நாளில் 30க்குத் தாவினால் வயிறு உப்பும், உப்பினால் எரிச்சல் வரும். வாரத்துக்குச் சுமார் 5 கிராம் கூட்டுவது குடலுக்குப் பழக நேரம் கொடுக்கும்.

சமைக்காத 100 கிராமில் கிடைக்கும் நார், தோராயமாக: தீட்டிய வெள்ளை அரிசி 3 கிராம், கேழ்வரகு 11, தவிடு நீக்காத கோதுமை மாவு 11, முழுச் சிறுபயறு 17, முருங்கைக்கீரை 8, கொய்யா 8 முதல் 9, வாழைப்பழம் 2. சம்பா அரிசியில் வெள்ளையைவிடக் கூடுதல், ஆனால் எவ்வளவு தீட்டியது என்பதைப் பொறுத்தது. கடையில் வாங்கும்போது அரிசியைக் கையில் தேய்த்துப் பாருங்கள். சிவப்புத் தவிடு அங்கங்கே கோடாக மட்டும் நின்றால் பெரும்பகுதி நார் மில்லிலேயே போய்விட்டது.

இரண்டாம் வாரம் காலைச் சாப்பாட்டை மட்டும் மாற்றுங்கள். புட்டுக்குக் கடலைக் கறிக்குப் பதில் சிறுபயறு. ஒருவருக்குக் காய்ந்த பயறு 30 கிராம், அதாவது இரண்டு மேசைக்கரண்டிக்குச் சற்றுக் கூட. இதிலேயே 5 கிராம் வந்துவிடும். முந்தின நாள் ராத்திரி 8 மணி நேரமாவது ஊறப்போட்டு, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குழைய வேகவைக்க வேண்டும். காற்றை உண்டாக்கும் சர்க்கரைகளில் ஒரு பகுதி அந்தத் தண்ணீரோடு போகும். 'சத்து போயிடும்' என்று அந்தத் தண்ணீரையே வைத்து வேகவைப்பது நம் வீடுகளில் வழக்கம். எரிச்சல்காரருக்கு அது வேண்டாம். தாளிப்பில் பூண்டையும் வத்தலையும் விட்டு, சீரகம், கறிவேப்பிலை, ஒரு கரண்டி தேங்காய்ப்பூ போதும். புட்டில் அடுக்கடுக்காகப் போடும் தேங்காயையும் பாதியாக்குங்கள். தேங்காயில் நார் நிறைய உண்டு, ஆனால் கொழுப்பு அதைவிட நிறைய. கொழுப்பு இரைப்பையைத் தாமதப்படுத்தி வாசல் தசையையும் தளர்த்தும். இந்த மாவட்டத்தில் தேங்காயை விடு என்று சொல்வது நடக்கிற காரியமில்லை. வறுத்தரைத்த கறியை மதியத்தோடு நிறுத்துங்கள் என்றுதான் கேட்க முடியும்.

மூன்றாம் வாரம் மதியத்துக்கு வாருங்கள். 50 கிராம் முருங்கைக்கீரையில் செய்த துவரனில் (தேங்காய் போட்ட பொரியல்) 4 கிராம் நார். வாழைத்தண்டு, வாழைக்கூம்பு (வாழைப்பூ), புடலங்காய், பூசணி, வெள்ளரி எல்லாம் மாற்றி மாற்றி வரட்டும். அவியல் நல்ல வழிதான், ஆனால் புளித்த தயிரையும் மாங்காயையும் குறைத்து வையுங்கள். சோறு ஒரு பங்கு என்றால் காய் ஒரு பங்கு என்று தட்டில் கண்ணளவு பாருங்கள். சோற்று மலைக்கு ஓரமாகத் தொட்டுக்கொள்ளும் ஒரு கரண்டி கூட்டு நாராகக் கணக்கில் வராது.

நான்காம் வாரம் நாலு மணிச் சாயாவோடு உண்ணும் பழம்பொரி, பருப்பு வடைக்குப் பதில் பழம். நன்றாகப் பழுத்த ஏத்தம்பழத்தை (நேந்திரம்பழம்) அவித்துத் தின்னலாம். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மட்டிப் பழம் சிறியது, மெல்லியது, பெரும்பாலோருக்கு ஒத்துப்போகும். காயாக இருக்கும் ஏத்தனில் செரிக்காத மாவு அதிகம், அது காற்றை உண்டாக்கும். பாதிக் கொய்யா 6 கிராம் நார் தரும், நன்றாகக் கனிந்ததாக இருக்கட்டும். பலாச் சீசனில் நாலைந்து சுளையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். எலுமிச்சை, அன்னாசி, ஆரஞ்சு பலருக்குப் பகை; உங்களுக்கும் அப்படியா என்பதை நோட்டு சொல்லும்.

ராத்திரிக்கு நாரைக் கூட்டாதீர்கள். இதில் நாங்கள் கொஞ்சம் பிடிவாதமாகவே சொல்கிறோம். பகலில் 25 கிராம் சேர்ந்துவிட்டால் ராத்திரி கஞ்சியும் ஒரு கூட்டும், அல்லது இரண்டு இட்லி போதும். பயறு, கடலை, சக்கைக்குரு (பலாக்கொட்டை), மரச்சீனி, சேனை எல்லாம் பகல் சாமான்கள். படுக்கும்போது இரைப்பை காலியாக இருப்பதும் குடல் காற்றில்லாமல் இருப்பதும் நாரைவிட முக்கியம்.

தண்ணீர் நாளுக்கு 2 லிட்டர் அளவில், பரவலாகக் குடிக்க வேண்டும். சாப்பாட்டோடு ஒரு சொம்பு குடித்தால் இரைப்பை ஊதும். சிறுநீரகம், இதயக் கோளாறுக்காகத் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லப்பட்டவர்கள் அந்த அளவைத் தாண்ட வேண்டாம். அவர்கள் நாரைக் கூட்டுவதற்கும் டாக்டரிடம் கேட்க வேண்டும்.

இசப்கோல் எடுக்கும் முறை

நான்கு வாரத்தில் உணவாலேயே மலம் இளகி எரிச்சலும் குறைந்தால் இசப்கோல் தேவையில்லை. மலச்சிக்கல் நீடித்தால் சேர்க்கலாம். சுவையூட்டாத வெறும் உமி வாங்குங்கள். ஆரஞ்சு, எலுமிச்சை வாசத்தோடு வருபவற்றில் சிட்ரிக் அமிலமும் சர்க்கரையும் இருக்கக்கூடும், பொதியில் எழுதியிருப்பதைப் படியுங்கள்.

உமி காற்றுப் போல இலேசு. தலைதட்டிய ஒரு டீஸ்பூன் 2 கிராம் அளவுதான் வரும். 5 கிராமுக்கு ஏறக்குறைய ஒரு மேசைக்கரண்டி. முதல் மூன்று நாள் ஒரு டீஸ்பூன் மட்டும், காலையில் ஒரு வேளை. பிறகு அதையே ஒரு மேசைக்கரண்டியாக்கலாம். ஒரு வாரம் கழித்து மாலையிலும் ஒரு வேளை. ஆய்வில் கொடுத்த 15 கிராம் அளவுக்குப் போக வேண்டுமானால் டாக்டரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

கலக்குவதில்தான் பலர் தவறுகிறார்கள். 250 மில்லி, அதாவது பெரிய டம்ளர் நிறையத் தண்ணீரை முதலில் எடுத்துக்கொண்டு, உமியைத் தூவிக் கலக்கி, அரை நிமிடத்துக்குள் குடித்துவிடுங்கள். ஓரமாக வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போனால் நுங்குப் பதத்துக்கு இறுகிவிடும். பிறகு மேலும் அரை டம்ளர் தண்ணீர். கால் டம்ளரில் குழைத்து விழுங்குவதோ, உமியை வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பதோ ஆபத்து. உணவுக்குழாயிலேயே ஊதி அடைத்துக்கொள்ளும். விழுங்கச் சிரமம் உள்ளவர்கள், உணவுக்குழாய் சுருங்கியிருப்பதாகச் சொல்லப்பட்டவர்கள், குடல் அடைப்பு வந்தவர்கள் இசப்கோலைத் தொடவே கூடாது. ராத்திரி படுக்கப் போகும்போது பாலில் கலந்து குடிக்கும் வழக்கம் மலச்சிக்கலுக்கு உதவியிருக்கலாம். அமிலம் ஏறுபவருக்கு ஒரு டம்ளர் பாலோடு உடனே படுப்பது கெடுதல். மாலை வேளையை ஆறு மணியோடு முடித்துக்கொள்ளுங்கள்.

மற்ற மாத்திரைகளுக்கும் இசப்கோலுக்கும் 2 மணி நேரம் இடைவெளி விடுங்கள். தைராய்டு மாத்திரைக்கு 4 மணி நேரம். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் சர்க்கரை அளவைக் கவனிக்க வேண்டும், இசப்கோல் அதைச் சற்று இறக்கும்.

தவறிப்போனால்

வயிறு உப்பினால் கடைசியாகக் கூட்டியதைப் பாதியாக்கி ஒரு வாரம் நில்லுங்கள். மொத்தமாக நிறுத்த வேண்டாம். உப்பல் இல்லை, ஆனால் எரிச்சல் கூடுகிறது என்றால் நேரத்தையும் தேங்காயையும் காரத்தையும் பாருங்கள். அவையும் சரியாக இருந்தால் உள்ளி, பூண்டு, கொண்டைக்கடலையை இரண்டு வாரம் விலக்கிப் பார்த்து, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேருங்கள். மலம் முன்பைவிட இறுகினால் தண்ணீர் குறைவு. மூன்று நாளாக மலம் போகாமல் வயிறு வலித்தால் இசப்கோலை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

கருவாடும் ஊறுகாயும் தினமும் உண்பவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். 2004இல் வெளியான நார்வே ஆய்வில், நார் மிகுந்த ரொட்டி உண்பவர்களிடம் அமிலம் ஏறும் தொல்லை குறைவாகவும், உப்பை அள்ளிப் போட்டு உண்பவர்களிடம் கூடுதலாகவும் இருந்தது. உப்புதான் காரணம் என்று அந்த ஆய்வை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் ரத்த அழுத்தத்துக்காகக் குறைக்க வேண்டியதைக் குறைக்க இன்னொரு சாக்கு கிடைக்கிறது.

உடம்பை வைத்துக்கொள்ளும் விதம்

சாப்பிட்ட கையோடு குனியாதீர்கள். ரப்பர் வெட்டுபவர்களுக்கு இது பெரிய தொல்லை. தாழ்ந்த வெட்டுப்பட்டைக்கு இடுப்பை மடக்கிக் குனியும் ஒவ்வொரு தடவையும் இரைப்பை நசுங்கும். விடியுமுன் போகும்போது ஒரு மட்டிப் பழமோ இரண்டு பிஸ்கட்டோ போதும். பயறும் புட்டும் பாலெடுத்து முடித்து வந்த பிறகு. குனிய வேண்டிய இடத்தில் முழங்காலை மடக்கி உட்காருங்கள். வெறும் வயிற்றில் இரண்டு கட்டன் சாயா (பாலில்லாத டீ) குடித்துவிட்டுப் போவதையும் நோட்டில் எழுதுங்கள், பலருக்கு அன்றைய முதல் எரிச்சல் அதுதான்.

ராத்திரி எரிச்சல் உள்ளவர்கள் கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் மரக்கட்டை வைத்து 15 முதல் 20 சென்டிமீட்டர் உயர்த்துங்கள். கட்டை அகலமாக, நடுவில் குழி வெட்டியதாக இருந்தால் கால் வழுக்காது. இரண்டு மூன்று தலையணை அடுக்கினால் கழுத்து மட்டும் உயர்ந்து வயிறு மடங்கும், பயனில்லை. இடப்பக்கம் சரிந்து படுப்பதும் அமிலம் ஏறுவதைக் குறைக்கும்.

மாத்திரையும் நாரும்

பேன்டோப்ரசோல், ஒமிப்ரசோல் வகை மாத்திரைகளைக் காலைச் சாப்பாட்டுக்கு 30 முதல் 60 நிமிடம் முன் வெறும் வயிற்றில் எடுக்க வேண்டும். உண்டபின் போட்டால் முழுப் பலன் கிடைக்காது. ஆக, எழுந்ததும் மாத்திரை, முக்கால் மணி நேரம் கழித்துச் சாப்பாடு, பத்து மணி வாக்கில் இசப்கோல் என்று வரிசைப்படுத்திக்கொண்டால் எதுவும் ஒன்றோடொன்று மோதாது. வழக்கமாக 8 வாரம் எழுதிக் கொடுப்பார்கள். பாதியில் எரிச்சல் நின்றதும் சட்டென்று நிறுத்தினால் அமிலச் சுரப்பு கொஞ்ச நாள் முன்னிலும் கூடுதலாகி, 'மாத்திரை இல்லாமல் முடியாது போல' என்ற எண்ணத்தை உண்டாக்கும். மருந்துக்கடையில் நீங்களாக வாங்கி வருடக்கணக்கில் விழுங்குவதும் சரியில்லை. எட்டாவது வாரம் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். எரிச்சல் வந்த நாட்கள் முதல் வாரத்தில் எத்தனை, இப்போது எத்தனை என்ற இரண்டு எண்ணை முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டால் அளவைக் குறைப்பதா, மாற்றுவதா, எண்டோஸ்கோபி பார்ப்பதா என்று அவர் முடிவெடுக்க எளிது.